குருதியிற் காணுங் கணக்கு

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் தாய்மார் அடுக்களையிற் பயின்ற அளவை நூல். உலையிற் கொதிக்கும் ஆயிரம் பருக்கைகளுள் ஒன்றை அகப்பையால் எடுத்து, இரு விரலிடை நசுக்கிப் பார்த்து, மற்றவற்றின் பதத்தை உணர்ந்து பானையை இறக்குவர். கண்டதொன்றைக் கொண்டு காணாத பலவற்றை அறியும் இம்முறையையே இற்றைநாள் மருத்துவரும் கையாள்கின்றனர். முழங்கை மடிப்பில் எடுத்த சிறிதளவு குருதியைக் கொண்டு, உடல் முழுதும் ஓடும் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியின் நிலையை உரைக்கின்றனர். அங்ஙனம் உரைக்கப்படுவனவற்றுள் ஒரு சிறு விகிதம் உண்டு. புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சை பயன்படுமா என்பதை அவ்விகிதம் எவ்வளவு தூரம் முன்னறிவிக்கும், எவ்விடத்தில் வாய்மூடி நின்றுவிடும் என்பது பற்றி யான் கற்றறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

தொல்காப்பியமும் நன்னூலும் கையிலிருக்க வேண்டிய சிறப்புத் தமிழ் மாணவன் ஒருவன் குருதியணுக்களை எண்ணப் புகுந்தது ஏன் என அன்பர் சிலர் வினவுதல் கூடும். நூலாசையினால் யான் இத்துறையிற் புகவில்லை. வீட்டில் வந்து நின்ற நோயொன்றே என்னை இதனுட் புகுத்திற்று.

என் பெரியப்பா மணிமுத்தாற்றில் வாழ்பவர். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் அவ்வூரில் எழுந்த அணையிலே, பொதுப்பணித் துறை லஸ்கராக முப்பதாண்டு வேலை பார்த்தவர். மதகுகளைத் திறப்பதும் அடைப்பதும், நாடோறும் நீர்மட்டம் பார்த்துக் குறிப்பதும் அவர் பணி. எழுத்தறிவு சிறிது, எண்ணறிவு பெரிது. இராக் காவலில் உறக்கத்தை ஓட்டுதற்கென்று இளமையில் தொடங்கிய வெற்றிலை பாக்குப் புகையிலை, ஓய்வு பெற்ற பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை. இப்பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை, நெய்யூர் மிஷன் மருத்துவமனையிற் பணிபுரிந்த ஐ. எம். ஆர் என்னும் மேனாட்டு மருத்துவர் 1933-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் விரித்தெழுதினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985-இலும், பாக்குத் தன்னையே 2004-இலும் புற்று விளைக்கும் பொருள்களென அறுதியிட்டு நூல் வெளியிட்டது. இத்துணை நாளாய் அறியப்பட்ட உண்மை பெரியப்பாவின் காதில் விழுந்ததேயன்றிக் கருத்தில் விழவில்லை.

ஈராண்டுகட்கு முன் ஆவணித் திங்களில், அவருடைய வலக் கன்னத்தின் உட்புறத்தே ஆறாத புண்ணொன்று கண்டது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் அதன் சதையைச் சிறிது கிள்ளியெடுத்துச் சோதித்துப் புற்று என்று துணிந்தனர். சிகிச்சைக்கு முன்னோடியாகக் குருதியும் சோதிக்கப்பட்டது. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் வெள்ளணுக்கள் 12,400, அவற்றுள் நூற்றுக்கு 78 நியூட்ரோபில், 13 லிம்போசைட், இவ்விரண்டன் விகிதம் 6 என்று அத்தாளில் அச்சிட்டிருந்தது. உறவினர் ஒருவர் அவ்விகிதத்தைக் கைப்பேசியிலே தேடிப் பார்த்து, ஐந்துக்கு மேற்பட்டோர் நெடுநாள் இரார் என்று எங்கோ எழுதியிருந்ததை எல்லாருங் கேட்கப் படித்துவிட்டார். அதன்பின் வீட்டில் அடுப்பு எரிந்ததேயன்றிப் பேச்சு எழவில்லை.

அன்று மாலை பெரியப்பா என்னைத் திண்ணைக்கு அழைத்து, "ஐயா, நீ படிக்கிற பிள்ளை. இந்தத் தாளில் என் கணக்கை முடித்துவிட்டார்களா? முடித்தாயிற்று என்றால் மறைக்காமல் சொல்லிவிடு. போகிற உயிருக்காக வயலை விற்க வேண்டாம். அது உன் பெரியம்மைக்கு ஆகட்டும்" என்றார். காப்பீடு ஏற்றது போக எஞ்சிய செலவுக்கு அவரிடமிருந்தது அரை ஏக்கர் நன்செய் ஒன்றே. அவ்வினாவுக்கு விடை எனக்கு மட்டுமன்று, அவ்வீட்டில் யார்க்கும் தெரிந்திலது. மறுநாளே விடை தேடத் தொடங்கினேன்.

குருதியிற் செவ்வணு, வெள்ளணு, தட்டணு என மூவகை அணுக்கள் உள்ளன. செவ்வணு உயிர்வளியைச் சுமந்து செல்வது. தட்டணு காயம்பட்ட இடத்திற் குருதியை உறைவிப்பது. வெள்ளணு உடம்பின் காவற்படை. இக்காவற்படை ஒரே வகையினதன்று என்பதை 1879-ஆம் ஆண்டளவில் செருமானிய மருத்துவர் பவுல் எர்லிக் சாயங்களைக் கொண்டு காட்டினார். அமிலச் சாயத்தை விரும்பி ஏற்பன சில; காரச் சாயத்தை ஏற்பன சில; இரண்டிற்கும் நடுவான சாயத்தை ஏற்பன சில. இம்மூன்றாம் வகையே நடுமையை விரும்புவது என்னும் பொருள்படும் நியூட்ரோபில் என்னும் பெயரைப் பெற்றது. நோய்த்தடுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எர்லிக், மெச்னிகாவ் என்னும் இருவர்க்கும் 1908-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

நியூட்ரோபில் எலும்பு மச்சையில் நாடோறும் கோடி கோடியாய்ப் பிறப்பது. கிருமி நுழைந்த இடத்திற்கு முதலிற் பாய்ந்து, அதனை விழுங்கித் தானும் மடிவது. இதன் வாழ்நாள் சில மணி நேரம், மிஞ்சினாற் சில நாள். லிம்போசைட்டோ பகைவனை ஆராய்ந்து அடையாளங் கண்டு நினைவில் வைப்பது. பல்லாண்டு வாழ்வனவும் அவற்றுள் உண்டு. நம் உடலணுவே நெறி தவறிப் புற்றணுவாய்த் திரியுங்கால், அதனைப் பிரித்தறிந்து கொல்லும் ஆற்றல் லிம்போசைட்டுகளுள் ஒரு சாரார்க்கு உண்டு. முன்னது ஊர்க்காவலர் போல ஓசை கேட்டவுடன் ஓடுவது. பின்னது ஒற்றர் போல ஆளறிந்து பிடிப்பது.

இவற்றை எண்ணுந் தொழில் முன்னாளில் கண்ணுக்கும் பொறுமைக்கும் உரியதாயிருந்தது. ஒரு துளிக் குருதியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லெனத் தீற்றி, 1901-இல் லீஷ்மன் என்பார் வகுத்த சாயத்தை ஊற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்து, நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாய் இனம் பிரித்து எண்ணுவர். 1953-இல் அமெரிக்கராகிய வாலஸ் கூல்ட்டர் என்பார், அணுக்களை ஒரு சிறு துளையின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, அவை கடக்குந்தோறும் மின்னோட்டத்தில் உண்டாகும் தடையைக் கொண்டு எண்ணும் முறைக்கு உரிமை பெற்றார். அவ்வழியில் வளர்ந்த பொறிகள் இன்று அம்பாசமுத்திரம் போன்ற சிறு நகரங்களிலும் ஓரிரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணி முடிக்கின்றன. இன்னும் ஐயம் வருங்கால் லீஷ்மன் சாயமும் நுண்பெருக்கியுமே துணை.

நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுக்க வருவதே நாம் கூறவந்த விகிதம். நூற்றுக்கு 60 முன்னதும் 30 பின்னதும் இருப்பின் விகிதம் 2. 2017-இல் வெளிவந்த ஓராய்வில் நலமுடைய 413 பேரின் குருதியைப் பார்த்தபோது, விகிதத்தின் சராசரி 1.65, பெரும்பாலார்க்கு அது 0.78-க்கும் 3.53-க்கும் இடையே நின்றது. பெரியப்பாவின் 6 அவ்வெல்லையைத் தாண்டியதென்பதில் ஐயமில்லை.

நிற்க. இவ்விகிதத்திற்கும் புற்றுக்கும் என்ன தொடர்பு? திருவள்ளுவர் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, மருத்துவ நூலோர் எண்ணிய மூன்றனுள் எது அளவிற் கூடினும் குறையினும் நோய் உண்டாம் என்றார். அவர் கருதியது வாதம் பித்தம் ஐ என்பன, இவ்வணுக்களையல்ல. ஆயினும் ஒன்றின் தனி அளவைக் காட்டிலும் ஒன்றற்கொன்று நிற்கும் ஒப்பே உடல்நலத்தைக் காட்டும் என்னும் நோக்கு நம்மவர்க்குப் புதிதன்று. மேனாட்டில் 1863-இல் விர்க்கோ என்னும் மருத்துவர் புற்றுக் கட்டிகளுள் வெள்ளணுக்கள் நிறைந்திருத்தலைக் கண்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்றார். 1986-இல் துவோராக் என்பார், கட்டிகள் ஆறாத புண்கள் என்று சுருங்கக் கூறினார். புண் ஆறுதற்கு உடம்பு செய்யும் வேலைகளையெல்லாம் புற்று தன் வளர்ச்சிக்குத் திருப்பிக்கொள்கின்றது என்பது கருத்து.

பிற்கால ஆராய்ச்சிகள் அதனை மேலும் விளக்கின. சில கட்டிகள் தாமே சில பொருள்களைச் சுரந்து எலும்பு மச்சையைத் தூண்டி நியூட்ரோபில்களைப் பெருகச் செய்கின்றன. அவ்வாறு வந்த நியூட்ரோபில்கள் கட்டிக்குப் புதுக் குருதிக் குழாய்கள் முளைக்கவும், புற்றணு சுற்றிலுமுள்ள தசையை அரித்துக்கொண்டு வெளியேறவும் துணையாகின்றன. புற்றணுவைக் கொல்ல வரும் லிம்போசைட்டுகளை அடக்கியும் வைக்கின்றன. ஊர்க்காவலரே கள்வர்க்கு வழிகாட்டி, ஒற்றரையும் தடுத்து நிறுத்தினால் ஊர் என்னாகும்? ஆகவே நியூட்ரோபில் மிக்கும் லிம்போசைட் குறைந்தும் நிற்பது, உடம்பு போரில் தளர்ந்துள்ளது என்பதற்கு ஓர் அடையாளமாகலாம்.

இவ்விகிதத்தை எளியதோர் அளவையாகக் கொள்ளலாமென 2001-இல் எடுத்துரைத்தவர் சுலோவாக்கிய நாட்டு மருத்துவர் ஜாஹோரெட்ஸ். கொடிய நோயுற்றுத் தீவிர சிகிச்சையில் இருப்போரின் தளர்ச்சியை அளக்கவே அவர் அதனை வகுத்தார். பின்னர் அது புற்றுநோய்த் துறையிற் புகுந்தது. 2014-இல் டெம்பிள்டன் என்பாரும் அவர் துணைவரும் 100 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி, 40,559 நோயாளிகளின் வரலாற்றை ஒப்புநோக்கினர். எல்லைக்கோட்டிற்கு மேற்பட்ட விகிதமுடையார் இறக்கும் வேகம், கீழ்ப்பட்டாரின் வேகத்தைப்போல் 1.81 மடங்கு என்பது அவர் கண்ட முடிபு. லிம்போசைட்டுகளைக் கட்டியிருக்கும் கடிவாளத்தைத் தளர்த்திப் புற்றின்மேல் ஏவும் புது மருந்துகள் உள. அவற்றிற்கு அடிகோலிய அலிசன், ஹோன்ஜோ என்னும் இருவர்க்கு 2018-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அம்மருந்துகளைப் பெற்ற 1,714 பேரை, 16 வகைப் புற்றுக்களில், அமெரிக்காவில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் விகிதம் உயர்ந்திருந்தார்க்குப் பயன் குறைவாகவே இருந்தது. ஏவுதற்கு ஒற்றர் இருந்தாலன்றோ கடிவாளம் தளர்த்திப் பயன்?

இதுவரை படித்த யான் மனம் சோர்ந்தேன் என்பதை மறைப்பானேன்? உறவினர் கைப்பேசியிற் கண்டது பொய்யன்று என்றே தோன்றிற்று. ஆயினும் பெரியப்பாவுக்குச் சிகிச்சை செய்ய வந்த மருத்துவ அம்மையார், தாளைப் பார்த்தவுடன் விகிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைக் காட்டிப் பார்த்தார். புண்ணுக்கு அண்மையில் சொத்தைப் பல்லொன்று சீழ் கட்டியிருந்தது. "இந்தச் சீழ்க்கு வெள்ளணு கூடாமல் என்ன செய்யும்?" என்று கூறி, பல்லைப் பிடுங்குவித்துக் கிருமிகொல்லி மருந்து கொடுத்தார். மூன்று வாரங் கழித்துச் சோதித்தபோது விகிதம் 3. புற்று அங்கேயேதான் இருந்தது. எண் மட்டும் பாதியாயிற்று.

விகிதத்தை உயர்த்துவது புற்று ஒன்றேயன்று என்பது அன்று எனக்கு விளங்கிற்று. கிருமித் தொற்று உயர்த்தும், அறுவை உயர்த்தும், கடுநோவும் மனக்கலக்கமும் உயர்த்தும், புற்றுநோயாளர்க்கு வாந்தி தடுக்கவும் வீக்கந் தணிக்கவும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் உயர்த்தும். வெள்ளணு குறைந்தார்க்கு மச்சையைத் தூண்ட இடும் ஊசியின்பின் நியூட்ரோபில் மளமளவென்று பெருகும். கதிர்ச் சிகிச்சையிலோ லிம்போசைட்டுகள் எளிதில் அழிவதால் விகிதம் ஏறும். இவற்றையெல்லாம் விலக்காமல் எண்ணை மட்டும் நோக்குவார், சலங்கை யார் காலில் உள்ளது என்று பாராமல் ஓசையைக் கொண்டே ஆளைத் தீர்மானிப்பாரை ஒப்பர்.

இவற்றை யான் பெரியப்பாவிடம் விரித்துச் சொன்னபோது, எனக்கு எந்நூலும் கற்பியாத ஒன்றை அவர் கற்பித்தார். மணிமுத்தாறு அணையின் முழு மட்டம் 118 அடி. "அளவுகோலில் தொண்ணூறு என்று இருந்தால் உனக்கு என்ன தெரியும்?" என்று வினவினார். யான் விடை கூறுமுன் தாமே தொடர்ந்தார்: "ஐப்பசியில் தொண்ணூறு என்றால் மலையில் மழை விழுந்து தண்ணீர் ஏறி வருகிறது; விடிவதற்குள் இரண்டடி கூடும்; ஆற்றோரத்தாரை எச்சரிக்க வேண்டும். மாசியில் தொண்ணூறு என்றால் வரத்து இல்லை, கால்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு இது இராது. கோல் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். நேற்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, போக்கு எவ்வளவு என்று கேளாதவனுக்குக் கோல் எதுவும் சொல்லாது." ஒருநாட் குருதியின் விகிதத்திற்கு இதனினும் சிறந்த உரை யான் கண்டிலேன். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் விகிதம் இறங்குவார்க்கும் ஏறுவார்க்கும் பிற்பயன் வேறுபடுகின்றது என ஆராய்ச்சியாளர் சிலர் எழுதியிருப்பதும் இக்கருத்துப் பற்றியேயாம்.

இன்னுமோர் ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. முன்னறிவித்தல் என்பதே இருவகைத்து. நோய் எவ்வழிச் செல்லும் என்று அறிவித்தல் ஒன்று. எந்த மருந்து இவர்க்குப் பயன்படும் என்று அறிவித்தல் மற்றொன்று. பொருநைப் பாசனத்து உழவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஐப்பசியில் அணைகளின் மட்டத்தைப் பார்த்து, இவ்வாண்டு பிசானம் தப்புமா தப்பாதா என்று ஒருவாறு சொல்லிவிடலாம். ஆனால் எந்த விதையை எந்த வயலில் விதைப்பது என்பதை அணையின் மட்டம் சொல்லாது. அதற்கு மண்ணையும் விதையையும் பார்க்க வேண்டும். இவ்விகிதம் பெரும்பாலும் முதல்வகை அறிவிப்பையே செய்வது. எம்மருந்து கொடுத்தாலும் உயர்ந்த விகிதத்தார் சற்றே பின்தங்குகின்றனர். இன்ன மருந்தை விடுத்து இன்ன மருந்தைக் கொடுக்க என்று அது தனித்து நின்று ஆணையிடுவதில்லை. எல்லைக்கோடும் ஒரு நிலையினதன்று. ஓராய்வில் 3, ஓராய்வில் 4, ஓராய்வில் 5. ஆதலின் இவ்விகிதம் ஒன்றையே பற்றி ஒருவர்க்குச் சிகிச்சையை மறுத்தல் மருத்துவ நெறியாகாது.

இனி எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஒரு சோறு பானைக்குப் பதமாவது ஏன்? எல்லாப் பருக்கையும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. ஒரு துளிக் குருதி உடற் குருதி முழுமைக்கும் பதமாவதும் அம்முறையே. ஆனால் நாற்பதினாயிரம் நோயாளிகள் ஒரு பானைச் சோறல்லர். அவர்தம் புற்று வேறு, வயது வேறு, ஊண் வேறு, சிகிச்சை வேறு. ஒன்றைக் கொண்டு பலவற்றை அறியலாமென்னும் விதியைத் தலைகீழாக்கிப் பலரைக் கொண்டு இன்ன ஒருவரை அறிந்துவிட்டோம் என்றல் பொருந்தாது. 1.81 மடங்கு என்பதன் பொருள், எடுத்துக்கொண்ட எந்தக் காலக் கூறிலும் தாழ்ந்த விகிதமுடைய கூட்டத்தில் நூறு பேர் இறப்பின், அதே அளவினதாகிய உயர்ந்த விகிதமுடைய கூட்டத்தில் ஏறத்தாழ நூற்றெண்பது பேர் இறப்பர் என்பதே. உயர்ந்த கூட்டத்திற் பிழைத்து நெடிது வாழ்வாரும் பலர். தாழ்ந்த கூட்டத்தில் விரைந்து மறைவாரும் உளர். பெரியப்பாவின் பக்கத்துக் கட்டிலில் தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் விகிதம் 2. எங்களோடு நகைத்துப் பேசிக்கொண்டிருந்த அவர் நான்கு திங்களுள் மறைந்தார். அவர் அன்னைக்கு எந்த எண்ணைச் சொல்லி யார் ஆறுதல் கூறவியலும்?

பெரியப்பாவின் வினாவுக்கு யான் இறுதியிற் கூறிய விடை இது: "தாள் உங்கள் கணக்கை முடிக்கவில்லை, பெரியப்பா. உடம்பு தளர்ந்திருக்கிறது, கவனமாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறது." அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் வரத்தைக் கூட்டப் பார்ப்போம்" என்றார். வயலில் பாதி விற்கப்பட்டது. கன்னத்தில் அறுவையும், ஆறு வாரத்தில் முப்பது முறை கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. கதிர்ச் சிகிச்சையின்போது விகிதம் மீண்டும் ஏறிற்று. எதிர்பார்த்ததே என்றார் அம்மையார். விழுங்கவியலாத அந்நாட்களில் பெரியம்மை கஞ்சியையும் முட்டையையும் பாலையும் வேளைதோறும் அளந்து மூக்குக் குழாய் வழியே செலுத்தி, அணை ஏட்டினைப்போல ஓர் ஏட்டிற் குறித்து வைத்தார். அவ்வதிகாரத்தை முடிக்குங்கால் வள்ளுவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார். நான்காம் கூற்றின் பெருமை எனக்கு வகுப்பறையில் விளங்காது, அவ்வேட்டைக் கண்டபோது விளங்கிற்று. பெரியப்பா இன்று வாயை இரு விரல் அகலமே திறக்கவல்லார், உறைப்பு உண்ணவியலாது, மூன்று திங்களுக்கொருமுறை திருநெல்வேலி சென்று வருகின்றார். மேல் என்ன ஆகும் என்பது அம்மையாரும் கூறாதது.

அன்பர்காள், இவ்விகிதத்தை இகழ்ந்து தள்ளவேண்டும் என்பது என் கருத்தன்று. புற்றணுவின் மரபுக் கூறுகளை ஆராயும் சோதனைகளுக்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அவை பெருநகரங்களிலேயே நடப்பன. குருதியணுக் கணக்கோ சில நூறு ரூபாயில் நம் சிறு நகரங்களிலேயே கிடைப்பது. எந்த நோயாளிக்கும் எப்படியும் எடுக்கப்படுவது. தளர்ந்தவர் யார், ஊட்டம் கூட்டவேண்டியவர் யார், மறைந்த தொற்று உள்ளதா என்று விரைந்து பார்க்க வேண்டியவர் யார் என மருத்துவர்க்குச் சுட்டுதற்கு இத்துணை மலிவான கருவி வேறில்லை. மலைச்சாரற் சிற்றூர்களிலிருந்து இரண்டு பேருந்து மாறி மருத்துவமனைக்கு வருவார்க்கு அம்மலிவு சிறு பொருளன்று. தாளை ஜாதகம்போல் எடுத்துவைத்து ஆயுளைக் கணிப்பதே விலக்கத்தக்கது.

ஒன்று மட்டும் வேண்டற்பாலது. விகிதத்தின் எல்லைக்கோடுகளுட் பல பிறநாட்டார் குருதியினின்று வகுக்கப்பட்டவை. நம் மக்களின் ஊண் வேறு. அடிக்கடி வரும் தொற்றுக்கள் வேறு. வெற்றிலைப் புகையிலையால் வரும் வாய்ப்புற்று இங்கு மிகுதி. நெய்யூரில் 1933-இல் ஒரு மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகளை ஒழுங்காகக் குறித்து வைத்ததனாலன்றோ வெற்றிலையின் தீமையை உலகம் அறிய எழுத இயன்றது? அதுபோல நம் மாவட்டத்து மருத்துவமனைகளும், முதற்சோதனையின் எண், அன்று தொற்று இருந்ததா, ஸ்டீராய்டு கொடுத்திருந்ததா, ஈராண்டின்பின் நோயாளி எந்நிலையில் இருந்தார் என்னும் நான்கனையும் தவறாது எழுதிவைத்தல் வேண்டும். நம் கல்லூரியில் விலங்கியலும் புள்ளியியலும் பயிலும் நண்பர்கள் நாளை அத்துறைகளில் அமர்வர். அவர்க்கு இதனை நினைவூட்டுகின்றேன். அவ்வேடுகளிற் பொருநைக்கரை மக்களின் எண்களும் சேருமாயின், இனியொருவர் தம் சோதனைத் தாளை நீட்டி என் கணக்கு முடிந்ததா என்று வினவும்போது, பிறநாட்டிற் கண்ட கணக்கையன்றி நம்மவரிடைக் கண்ட கணக்கையே மருத்துவர் எடுத்துரைத்தல் கூடும்.